செடியின் சொந்த ஊர்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். கையில் கத்தரிக்கோலோடு ஒருவன் பாத்தியோரம் குனிந்திருந்தால், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அவனிடம் நாலு வார்த்தை பேசத் தோன்றும். "அண்ணா, எங்க வீட்டு ரோஜா பூக்கவே மாட்டேங்குது, என்ன மருந்து போடலாம்?" என்பார் ஒருவர். "போன தடவை இங்கே வாங்கிட்டுப் போன செடி ஒரே மாசத்துல கருகிப் போச்சுங்க, என்ன உரம் போட்டிருக்கணும்?" என்பார் இன்னொருவர். வருவது கோவையிலிருந்தா, மதுரையிலிருந்தா, சென்னையிலிருந்தா என்பதுதான் மாறும். என்ன போட வேண்டும் என்ற கேள்வி மாறாது.

நான் திருப்பிக் கேட்பதும் மாறாது. "அந்தச் செடிக்கு எந்த ஊருங்க?"

பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். வாங்கிய கடையைச் சொல்வார்கள். பிறகுதான் விளங்கும், நான் கேட்பது அது பிறந்த மண்ணை என்று. எங்கள் தொழிலில் அறிவு அங்கேதான் தொடங்குகிறது. எந்த மாதிரி மண், எவ்வளவு வெயில், இரவில் எவ்வளவு குளிர், மழை எந்த மாதம், ஓய்வு எந்த மாதம். இந்த ஐந்தும் தெரிந்தால் ஒரு செடியின் முக்கால்வாசித் தேவை தெரிந்துவிடும். உரமும் மருந்தும் அதற்குப் பிறகு வருபவை. ஊர் பொருந்தாத இடத்தில் எந்த உரமும் வேலை செய்யாது.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பூங்காவேதான். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து 2250 முதல் 2500 மீட்டர் உயரத்தில், 22 ஹெக்டேர் பரப்பில் அது விரிந்திருக்கிறது. இங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் 1840-களில் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டம்தான் அதன் தொடக்கம். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்து அதைத் தாவரவியல் பூங்காவாக மாற்றத் தொடங்கினார். அடியில் சதுப்பு, மேலே செங்குத்தான சரிவு. சதுப்பை வடித்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, பாதை போட்டு, உலகத்தின் பல மலைகளிலிருந்து வந்த செடிகளையும் மரங்களையும் அதில் ஊன்றினார்கள். ஆகவே அங்கே நீங்கள் பார்க்கும் பெரும்பாலான மரங்களும் பூச்செடிகளும் வெளியூர்க்காரர்கள். ஆஸ்திரேலியா, ஜப்பான், இமயமலை, மெக்சிகோ, சிலி, தென்னாப்பிரிக்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. மரத்தடியில் இருக்கும் பெயர்ப் பலகையில் அது எழுதியிருக்கும். வருகிறவர்கள் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு பலகையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வளர்ப்புக் குறிப்பில் பாதி அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

ஊரை அறிந்து நடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மெக்ஐவர் காலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். கிளமென்ட்ஸ் மார்க்கம் முன்னின்று நடத்திய முயற்சியால் 1860-களின் தொடக்கத்தில் விதைகளும் நாற்றுகளும் உதகைக்கு வந்தன. அவற்றைப் பெருக்கி வளர்க்கும் பொறுப்பு மெக்ஐவருடையது. சின்கோனா என்று பொதுப்பெயர் ஒன்றுதான் என்றாலும் அதில் இனங்கள் பல. ஆண்டிஸில் உயரத்தில் வளர்ந்த இனம் தொட்டபெட்டாவின் குளிருக்குப் பொருந்தியது. அதைவிடத் தாழ்ந்த சரிவுகளில் வளர்ந்த செம்பட்டை இனத்துக்கு, கூடலூர் போகும் வழியில் உயரம் குறைந்த நடுவட்டம் பிடித்தது. நாடு ஒன்று, மலைத்தொடர் ஒன்று, ஆனால் சில நூறு மீட்டர் ஏற்ற இறக்கம் இரண்டு தோட்டங்களைப் பிரித்துவிட்டது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து வைத்து, புதுப் பட்டை வளர்த்தெடுக்கும் முறையையும் மெக்ஐவர் கையாண்டார். 1876-இல் அவர் இறக்கும் வரை அவர் வேலை இந்த மலையில்தான். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது, அவர் செடியிடம் கட்டளை போடவில்லை, இடம் தேடிக்கொடுத்தார் என்பதுதான்.

என்னை முதலில் போட்டது நர்சரியில். அங்கே ஒரு மூத்த மேஸ்திரி இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் விதையைக் கையில் வாங்கியதும் அதை எப்படித் தூவ வேண்டும் என்று சொல்லிவிடுவார். பிகோனியா விதை பார்த்திருக்கிறீர்களா? தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமுக்குள் பல்லாயிரம் விதை. மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். அதைக் காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து, சலித்த இலைமக்கு நிரப்பிய தட்டின் மேல் பரவலாகத் தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடக்கூடாது. அதன் தாயகக் காடுகளில் அந்த விதை பாறை இடுக்கிலும் பாசி மேலும் விழுந்து, வெளிச்சம் பட்டுத்தான் முளைக்கிறது. பூவாளியால் தண்ணீர் தெளித்தால் விதை ஒரே மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தட்டைத் தண்ணீருக்குள் சற்று நேரம் வைப்போம். அடியிலிருந்து ஈரம் ஏறி மேல்மண் கறுத்ததும் எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டு மூடுவோம்.

முளைத்த பிறகு நாற்றைப் பிடுங்கித் தனித்தனியாக நடும் வேலை. அதற்கு ஒரு பருவம் உண்டு. முதலில் வரும் இரண்டு விதையிலைகளைத் தாண்டி, செடியின் உண்மையான இலை ஒரு ஜோடி விரிந்ததும் பெயர்க்க வேண்டும். ஒரு குச்சியால் வேரடி மண்ணை நெம்பி, நாற்றைத் தூக்குவோம். நான் தண்டைப் பிடிக்கப் போனபோது மேஸ்திரி என் கையைத் தட்டினார். "தம்பி, விதையிலையைப் புடி. இலை ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். தண்டு நசுங்கினா எது வரும்?" அவ்வளவுதான் சொன்னார். மாடியில் தக்காளி, கத்தரி நாற்று நடுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதே வார்த்தைகள்தான். நாற்று நட்ட மறுநாள் துவண்டு சாய்வதற்குப் பெரிய காரணம் நோயோ உரக்குறைவோ அல்ல, பிடுங்கிய கைவிரல்.

நாற்றுத் தட்டில் வரும் உண்மையான நோய் ஒன்று உண்டு, நாற்றழுகல். தரையை ஒட்டித் தண்டு கறுத்து, நூலாகி, நாற்று வரிசை வரிசையாகச் சாயும். நெருக்கமாக விதைத்ததும், காற்றோட்டம் இல்லாததும், சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் இரவெல்லாம் தேங்கியதும் அதற்குக் கதவைத் திறந்துவிடும். பரவலாக விதையுங்கள், காலையில் தண்ணீர் விடுங்கள், பழைய நாற்று மண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மருந்துக் கடைக்குப் போகும் வேலையே பெரும்பாலும் வராது.

மே மாதம் மலர்க் காட்சி பார்க்க வருகிறவர்களுக்கு, மலர் மாடத்தில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒரே நாளில் பூத்து நிற்பது அதிசயமாகத் தெரியும். அதன் பின்னால் இருப்பது பின்னோக்கிப் போடும் கணக்கு. மேரிகோல்டு விதைத்து இரண்டரை மாதத்தில் பூக்கும். பெட்டூனியாவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். கிழங்கு பிகோனியாவை விதையிலிருந்து வளர்த்தால் ஐந்தாறு மாதம் ஆகும். எங்கள் குளிரில் எல்லாமே இன்னும் கொஞ்சம் இழுக்கும். அதனால் மே மாதப் பூவுக்கு டிசம்பருக்கு முன்பிருந்தே விதைப்பு தொடங்கிவிடும். எது முதலில், எது கடைசியில் என்று வரிசை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனுக்கு மறுபடி அதே சுற்று. வளரும்போது சால்வியா, டேலியா, செவ்வந்தி இவற்றின் நுனியைக் கிள்ளிவிடுவோம். நுனி போனால் பக்கக் கிளை வரும், கிளை வந்தால் பூ கூடும். பூத்து முதிர்ந்ததை உடனே நறுக்குவோம். விதை கட்ட விட்டால், வந்த வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். வீட்டில் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவரும் இந்த இரண்டையும் செய்யலாம். காசு செலவில்லை, விரல் நுனி போதும்.

நடுவில் பனிக்காலம் வருகிறது. எங்கள் மலையில் அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி தொடங்கி, நவம்பர், டிசம்பரில் உறைபனியாகி, பிப்ரவரி வரை நீளும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பூங்காவின் கீழ்ப் புல்வெளி வெள்ளை வெளேரென்று இருக்கும் அதே காலையில் மேல் சரிவு பச்சையாகவே இருக்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசு கிழியும், பிறகு சூரியன் பட்டுச் சட்டென்று உருகும்போது சேதம் இன்னும் கூடும். அதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து ஸ்பிரிங்ளர் போட்டுப் புல்லின் பனியைக் கழுவுவோம். இளஞ்செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்னும் செடியை வெட்டி வந்து கூரை மாதிரி ஊன்றுவோம். செடிக்கும் வானத்துக்கும் நடுவே மெல்லிய மறைப்பு ஒன்று இருந்தாலே தரையின் சூடு கொஞ்சம் தங்கும். உறைந்த புல்லில் நடக்கக்கூடாது என்று நாங்கள் கயிறு கட்டுவதற்கும் காரணம் உண்டு. அப்போது ஒருவர் நடந்தால், வெயில் ஏறியதும் அவர் காலடி ஒவ்வொன்றும் பழுப்பாகப் பதிந்து தெரியும். உறைந்த இலை மிதிபட்டு நொறுங்கியதன் தடம் அது. பல நாள் மறையாது.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து ஓர் அறிவுரை. நவம்பருக்குப் பிறகு ரோஜாவையும் ஃபுசியாவையும் கவாத்து செய்யாதீர்கள், தழைச்சத்து உரமும் போடாதீர்கள். இரண்டும் இளந்தளிரைக் கிளப்பிவிடும், அந்தத் தளிரைத்தான் பனி முதலில் தின்னும். பனிக்காலம் விலகும் வரை பொறுத்திருந்து வெட்டுங்கள்.

இனி, சமவெளியிலிருந்து வந்து ஊட்டியில் செடி வாங்கிப் போகிறவர்களுக்கு. ஃபுசியாவும் ஜெரேனியமும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். இரண்டுமே சின்னத் தொட்டி, இரண்டுமே கொத்துக் கொத்தாகப் பூ. வாங்கியவர் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் விடுவார், ஒரே இடத்தில் வைப்பார். நம் ஃபுசியாக்களில் பெரும்பாலானவற்றின் மூலம் தென், நடு அமெரிக்காவின் ஈரமான மலைக்காடு. மேகம் தவழும் நிழல், வேரடியில் எப்போதும் குளிர்ச்சி, இவை அதற்கு வேண்டும். தொட்டி சூடேறினால் அது தாங்காது. நாம் தொட்டியில் வளர்க்கும் ஜெரேனியத்தின் மூலம் தென்னாப்பிரிக்கா. நல்ல வெயிலும், இரண்டு தண்ணீருக்கு நடுவே மண் காய்வதும் அதற்கு வேண்டும். ஈரம் நின்றால் அடித்தண்டு கறுத்து அழுகும். கிளை வெட்டி நடுவதிலும் இந்த வேறுபாடு தெரியும். ஃபுசியாத் துண்டை வெட்டியதும் நட்டு மூடி வைக்க வேண்டும். ஜெரேனியத் துண்டை நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்த பிறகே நட வேண்டும்.

நாட்டின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு செடி. நீலகிரியில் ஓடைக் கரையெல்லாம் வெள்ளைக் கூம்பாகப் பூத்து நிற்கும் கால்லா லில்லியும் தென்னாப்பிரிக்காதான். ஆனால் அது அந்நாட்டின் நீர்க்கரைச் செடி. ஜெரேனியம் அழுகிச் சாகும் சேற்றில் அது செழிக்கும். ஆகவே நாட்டோடு நிற்காமல் மலையா, சதுப்பா, காட்டு நிழலா, பாறை வெளியா என்று இன்னும் ஒரு படி உள்ளே போய்க் கேளுங்கள்.

சைக்ளமென் செடியைத் தூக்கி எறிந்துவிட்டு வருத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அது மத்தியதரைக் கடல் ஓரத்துச் செடி. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறண்டது. குளிர்காலத்தில் பூத்துவிட்டு, வெயில் ஏற ஏற இலை மஞ்சளாகி, கிழங்கு தூங்கப் போகும். இறந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள், கிழங்கு அழுகிவிடும். தண்ணீரை நிறுத்தி நிழலில் வைத்திருந்தால், மறுபடி குளிர் வந்ததும் தளிர் விட்டிருக்கும். நம் மாநில மலரான செங்காந்தளும் இதே குணம்தான், பருவம் மட்டும் வேறு. மழையில் எழும்பி, கொடியேறிப் பூத்து, பிறகு தரைக்கு மேலே ஒன்றுமில்லாமல் கிழங்காக உறங்கும். அந்த நேரத்தில் தொட்டி காலி என்று கிளறாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

குளிர்ச் செடிகள் சமவெளியில் ஏன் நிற்பதில்லை? பகல் வெயில்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். நிழல்வலை கட்டினால் வெயிலைக் குறைத்துவிடலாம். இரவுச் சூட்டைத்தான் குறைக்க முடியாது. பகலில் இலை சர்க்கரை சமைக்கிறது, இரவில் செடி மூச்சு விட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு குளிராக இருந்தால் செலவு குறைவு, மிச்சம் பூவுக்கும் வேருக்கும் போகும். சென்னையின் மே மாத இரவில் குளிர்நாட்டுச் செடி சேர்த்ததையெல்லாம் மூச்சாகவே செலவழித்துவிடும். நாளுக்கு நாள் மெலிந்து, நுனி சிறுத்து, கடைசியில் பூச்சியோ பூஞ்சையோ வந்து முடித்து வைக்கும். பழி பூச்சியின் மேல் விழும். இதனால்தான் "இந்த கமீலியாவை எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவேன். மெக்சிகோவிலிருந்து வந்த வெளியூர்ச் செடிகள்தான் என்றாலும் சின்னியாவும் மேரிகோல்டும் சூட்டைத் தாங்கும். அவற்றைக் கொண்டுபோங்கள் என்பேன்.

ஹைட்ரேஞ்சியா முன்னால் நின்று ஒரு அம்மா கேட்டார், "எங்க ஏற்காடு வீட்டுல இதே செடி ரோஸ் கலர்ல பூக்குதுங்க, இங்க மட்டும் நீலமா இருக்கே, வேற ஜாதியா?" ஜாதி ஒன்றாகவே இருக்கலாம். மண்தான் வேறு. நீலகிரி மண் புளிப்பு மண், அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நிற்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவின் நிறமியோடு சேர்ந்தால் நீலம். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளை வகை மட்டும் இதற்கெல்லாம் மாறாது. நீங்கள் இதழ் என்று பார்ப்பது உண்மையில் புல்லிவட்டம், அதனால்தான் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. மண் எப்படி என்பதைச் சோதனைச்சாலைக்குப் போகாமலே கண்ணுக்குக் காட்டும் செடி அது. அந்த அம்மா வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு வழிந்து அந்தப் பாத்தியில் இறங்கியிருந்தது என்று பேச்சில் தெரிந்தது.

ஏற்காட்டு ஹைட்ரேஞ்சியா சொன்ன அதே செய்தியைச் சமவெளி வீடுகளில் வெட்சி சொல்கிறது. "இட்லிப்பூச் செடி மஞ்சளா வெளுத்துப் போச்சு" என்று கேட்பவர்களிடம், எந்த இலை என்று கேட்பேன். அடியில் இருக்கும் பழைய இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் இருக்கும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் போர் தண்ணீரின் உப்பும் கட்டட வேலையில் கலந்த சிமெண்டும் மண்ணைக் காரமாக்கி அதைப் பூட்டிவிடும். வெட்சி நம் தென்னாட்டுக்கே உரிய செடி, புளிப்பு மண்ணில் பழகியது. மழைநீர் பிடித்து ஊற்றுங்கள், இலைமக்கு நிறையப் போடுங்கள், அடுப்புச் சாம்பலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மாதத்தில் புதுத் தளிர் பச்சையாக வரும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த தொட்டிச் செடிகளில் காய்ந்து செத்ததைவிடத் தண்ணீர் அதிகமாகிச் செத்தவையே கூடுதல். "வாரத்துக்கு எத்தனை தடவை ஊத்தணும்?" என்ற கேள்விக்கு எண்ணில் பதில் கிடையாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். வேருக்குத் தண்ணீர் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் நீரே நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால் ஈர மண்ணிலேயே செடி வாடி நிற்கும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறோம். வாடிய செடியைக் கண்டால் கை குடத்துக்குப் போவதற்கு முன் மண்ணுக்குப் போகட்டும். ஹைட்ரேஞ்சியா மாதிரி அகல இலைச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் தானாகவே நிமிர்ந்துவிடும். காலையிலும் வாடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மரங்களுக்கும் இதே நியாயம். நூற்றாண்டு கண்ட மரத்தின் அடியைச் சுற்றி நாங்கள் வேலி கட்டினால், பலருக்கு வருத்தம். மரத்தைத் தொட்டுப் படமெடுக்க விடமாட்டீர்களா என்பார்கள். மரத்துக்குத் தண்ணீரையும் சத்தையும் இழுக்கும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. சீசன் முழுக்க ஆயிரமாயிரம் கால்கள் அதை மிதித்தால் மண் இறுகி, மழைநீர் உள்ளே போகாமல் வழிந்தோடும். இதன் மிக மோசமான வடிவத்தை நகரங்களில் பார்க்கிறேன். சாலையோரத்துப் புங்கனுக்கும் வேம்புக்கும் அடிமரம் வரை சிமெண்ட் பூசி, சுற்றிலும் ஓடு பதித்து, அழகு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். பிறகு ஒரு காற்றில் மரம் சாய்ந்தால் மரத்தைக் குற்றம் சொல்கிறோம். உங்கள் வீட்டு வாசலில் மரம் இருந்தால், அதைச் சுற்றிக் குறைந்தது மூன்றடியாவது மண்ணாகவே விடுங்கள். சருகு விழுந்தால் அங்கேயே கிடக்கட்டும். மரத்தின் மேல் வைக்கக்கூடிய அன்பில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியாது.

ஊர் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை என் மலை கசப்பாகக் கற்றுக்கொண்டது. சில செடிகளுக்கு நம் இடம் அளவுக்கு மீறிப் பிடித்துவிடும். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாட்டில், எங்கள் ஊரில் சீகை மரம் என்போம், நீலகிரியின் பரந்த புல்வெளிகளை விழுங்கிவிட்டது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அழகுக்காக வந்த உண்ணிச்செடி அடிவாரக் காடுகளை அடைத்து நிற்கிறது. சொந்த ஊரில் அவற்றைத் தின்ன பூச்சி இருந்தது, தடுக்க நோய் இருந்தது. இங்கே அந்தக் கணக்கு வழக்கு எதுவும் கூட வரவில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது இதனால்தான்.

பூங்காவின் மேல் சரிவில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, மந்து என்பார்கள், ஒன்று இருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல், மலையின் சதுப்பில் விளைவது. சதுப்பு வறண்டு, புல்வெளி மரமானதில் அந்தப் புல் அரிதாகிவிட்டது, தேடி அலைந்து அறுத்து வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அதே புல்வெளிதான் வீடு. 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். ஒரு வெளிச்செடியை நட்டால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பூங்காவில் வேலை செய்கிறவன் மறக்கக்கூடாது. உங்களுக்கும் இதில் பங்குண்டு. கவாத்து செய்த கிளையையும் பிடுங்கிய கிழங்கையும் வேலிக்கு அப்பால் சரிவிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். குளத்தில் ஆகாயத் தாமரையை அழகுக்காக விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து விதையைப் பையில் மறைத்துக் கொண்டுவராதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தாவரவியல் பூங்கா என்பது கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக மக்கள் காசில் நடக்கும் இடம். ஒரு செடி நம் சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குப் பல தலைமுறைச் சாட்சி அங்கே வேரூன்றி நிற்கிறது. அடுத்த முறை போகும்போது பலகையைப் படியுங்கள், பாத்தியில் குனிந்திருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் இருக்காது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் கடைசி வார்த்தை இது. முதல் செடி உங்கள் ஊர்ச் செடியாக இருக்கட்டும். சமவெளியில் இருந்தால் முல்லையோ, வெட்சியோ, பவழமல்லியோ வையுங்கள். அது உங்கள் மண்ணோடும் வெயிலோடும் ஏற்கெனவே ஒத்துப்போனது. அதன் பக்கத்தில் ஒரு வருடம் இருந்து, எந்த மாதம் தளிர்க்கிறது, எந்த மாதம் உதிர்க்கிறது, எப்போது தண்ணீர் கேட்கிறது என்று பாருங்கள். உங்கள் இடத்தின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வெளியூர்ச் செடி ஒன்றை வாங்கப் போகும்போது, அதற்கு இங்கே பிடிக்குமா பிடிக்காதா என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.